பெயர் போடாத ஆதரவு

"பேரு போடாம ஆதரவு தரலாமா, மிஸ்?"

டயகம தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் கலைந்தது. அவர் பக்கத்தில் இருந்த பெண் பல்கலைக்கழக விரிவுரையாளர். மலையகக் கற்கைகள் துறையை மூடப் பார்க்கிறார்களாம். பழைய மாணவர்களும் தோட்டத்து மக்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால் துறை தப்புமாம். கேள்வி கேட்டவர் அந்த விரிவுரையாளரின் முதல் மாணவர்களில் ஒருவர்.

"பேரு போட்டா என்ன ராஜன்?"

"கொழும்பு ஆபீஸ்ல சொந்த ஊரு கண்டின்னு சொல்லி வச்சிருக்கேன், மிஸ். தோட்டம்னு தெரிஞ்சா பேச்சே மாறிடும்."

"தோட்டத்து லயத்து வீட்டு வாழ்க்கையப் பத்தி நீங்க எழுதின ஆய்வத்தான் இன்னும் புள்ளைங்களுக்குப் படிக்கக் குடுக்குறேன்."

"அதுலயும் என் பேர எடுத்துட முடியுங்களா?"

விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா அடுத்த வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க என்னங்க படிக்கிறாங்க?"

"ஒங்களப் பத்திதாங்கம்மா. தோட்டத்து ஆளுங்களப் பத்தி" என்றார் விரிவுரையாளர்.

"எங்களப் பத்தியா? நாப்பது வருசமா கொழுந்து எடுக்குறேன், யாரும் வந்து ஒன்னும் கேக்கலையே!"

விரிவுரையாளரின் முகம் சிவந்தது. "தப்புதாங்கம்மா" என்றார்.

"சரி, இனிமேலாவது வந்து கேளுங்க. அதுக்கு அந்தப் படிப்பு இருக்கணும்ல? கடுதாசியக் குடுங்க, நான் போடுறேன். பேனா இருக்கா?"

ராஜன் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மிகுந்த மரியாதையோடு நீட்டினார்.