சீமைப் பங்காளிகள்

அரவேணுவில் கரண்ட் போனாலும் நெட் போகாது மேடம். கோயம்புத்தூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. நீங்களும் அங்கிருந்துதான் பத்திரிகைக்காக வருகிறீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கீழே கூரியர் கடை, மேலே கம்ப்யூட்டர் ஆபீஸ், இரண்டும் என்னுடையவை. கோத்தகிரி ரோட்டில் வெள்ளியங்கிரி கடை என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பார்சல்கூட என் கையில் தொலைந்ததில்லை.

மேலே நடந்த வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்காரர்களைப் போலப் பெயர் வைத்துக்கொண்டு, அவர்களுடைய ஃபேஸ்புக் குழுக்களில் அவர்கள் அரசியலைப் பற்றிக் கருத்து எழுதுகிற வேலை. எழுதச் சொல்லி அங்கிருந்தே ஆர்டர் வரும். நன்றாக இங்கிலீஷ் எழுதும் பெண்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தை விட்டால் வேறு போக்கு இல்லை. நான் ஒரு போக்கு காட்டினேன்.

அந்த ஊர் அரசியல் எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பங்காளிச் சண்டை என்று தெரிந்த பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. ராஜா இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும், வெளியூர்க்காரன் வரக் கூடாது. இதைக் காலங்காலமாகச் சொல்லிவந்த பழைய கட்சி ஒன்று. அதையே இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டு கிளம்பிய புதுக் கட்சி ஒன்று. எங்கள் காங்கயம் பக்கம் கோயிலில் முதல் மரியாதைக்காக இரண்டு வீட்டார் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருப்பார்கள். சாமி ஒன்றுதான், நோம்பித் திருவிழாவும் ஒன்றுதான், ஆனாலும் முகம் பார்க்க மாட்டார்கள். அதேதான் இதுவும். அப்பன் பழைய கட்சி, மகன் புதுக் கட்சி என்று பிரிந்து, கிறிஸ்துமஸுக்குக்கூடச் சேர்ந்து சாப்பிடாத குடும்பங்களை நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆர்டர் வந்தது. ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பெண்கள் பழைய கட்சிக்காக எழுதினார்கள், சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவர்கள் புதுக் கட்சிக்காக. காலையிலிருந்து துரோகி, கோழை என்று இங்கிலீஷில் திட்டிக்கொள்வார்கள். மதியம் ஒரே டப்பாவில் தக்காளிச் சோறு பகிர்ந்து சாப்பிடுவார்கள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தரத்தில் வேலை செய்துகொடுத்தேன்.

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இடைத்தேர்தல் வந்தது. இந்த இரண்டு கட்சியும் தனித்தனியாக நின்றால் ஓட்டுப் பிரிந்து மூன்றாவது ஆள் ஜெயித்துவிடுவான். அதனால் மனுத் தாக்கலுக்கு முன்பே ஒரே வேட்பாளரை நிறுத்தலாம் என்று உள்ளூர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கூட்டணி. கூட்டணி வந்தால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் என் ஆபீஸில் பெண்களுக்கு வேலை இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த ஊரில் டெரிக் என்று ஒரு கிழவர். நிஜமான ஆள். ஆயுள் முழுக்கப் பழைய கட்சிக்கே ஓட்டுப் போட்டவர், படுக்கையோடு கிடந்தார். சுவர்ப் பக்கத்து இந்துமதி 'மாரீன்' என்ற பெயரில் அவரோடு தினமும் மல்லுக்கு நிற்பாள். ஒருநாள் அவர் வேறு மாதிரி எழுதினார். தன்னைக் குளிப்பாட்டிவிடும் பையன் இந்தியாவில் ஏதோ மலையிலிருந்து வந்தவன் என்றார். அவன் அம்மா அனுப்பிய வர்க்கி என்ற பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தனக்கு ஊட்டினான் என்றார். அவனைத் துரத்த வேண்டும் என்று கத்துகிற இரண்டு கட்சிக்காரர்களும் முதலில் தன் முதுகைத் தேய்த்துவிட வரட்டும் என்று முடித்திருந்தார்.

அதற்குக் கீழே நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பக்கத்தாரும் கிழவர் சொல்வது நியாயம் என்று எழுதினார்கள். ஒரு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி அங்கேயே சமாதானம் ஆனார்கள். நமக்குள் எதற்குச் சண்டை, சேர்ந்து நிற்போம் என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நான் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை ஒரு கிழவர் ஒரு பிஸ்கட்டை வைத்துக் கெடுத்துவிட்டார்.

அந்த வர்க்கியை பேக் செய்தவனே நான்தான் மேடம். தெய்வம்மா என்று ஓர் அம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட குடும்பம். ஒரே மகன் சுரேந்திரன் டெரிக்கின் ஊரில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். முறையாக விசா வாங்கிப் போனவன். அந்த அம்மா வர்க்கியும் டீத்தூளும் கொண்டுவருவார், அட்ரஸை நான் எழுதுவேன். எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பெட்டியின் மூலையில் குங்குமம் வைப்பார். மகன் செய்தியும் அப்போது வரும்.

“நைட்டு டூட்டி ஐயா, பகலெல்லாம் மாடியில நல்லாத் தூங்கிருவான். பக்கத்து வீட்ல ஒரு கைப்புள்ள இருக்காம், அது அழுதாக்கூட முழிக்க மாட்டானாம்” என்று சிரிப்பார்.

சண்டையை மறுபடி மூட்டிவிட எனக்கு ஒரு தெரு வேண்டியிருந்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த அட்ரஸ் அது ஒன்றுதான். வேறொன்று தெரிந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன். ஆகவே சுரேந்திரன் மேல் எனக்குப் பகை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம்.

பெண்களிடம் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. நானே உட்கார்ந்து எழுதினேன். புதுக் கட்சிக் குழுவில், படகில் திருட்டுத்தனமாக வந்தவர்களை அந்தத் தெருவில் அடைத்துவைத்திருக்கிறார்கள், பழைய கட்சிக் கவுன்சிலர் காசு வாங்கிக்கொண்டு மறைக்கிறார் என்று போட்டேன். பழைய கட்சிக் குழுவில், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பதே புதுக் கட்சிப் பிரமுகர்தான் என்று போட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைக்கவில்லை.

இந்துமதி அதைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். அவளும் சிலோன் குடும்பம்தான்.

“சார், அது நம்ம சுரேந்திரன் அண்ணன் இருக்கிற தெரு சார். தெய்வம்மா அத்தைக்கு அவரு ஒருத்தர்தான். அழிச்சிருங்க சார், உங்க கால்ல விழறேன்.”

“அங்கெல்லாம் போலீசு இருக்குதும்மா. நம்மூரு மாதிரீன்னு நெனச்சுட்டியா? ஒண்ணும் ஆவாது, நீ ரெண்டு நாளு லீவு எடுத்துட்டு ஊட்டுல இரு” என்றேன். அவள்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. வேலையில் கெட்டிக்காரி.

உண்மையாகவே ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்று கத்துவார்கள், அவன் வேறு வீடு பார்த்துக்கொள்வான். சிலோன் குடும்பத்து ஜனங்களுக்கு ஊர் மாற்றிப் போவது புதிதா என்ன. அங்கே இந்தியாக்காரன் என்று அனுப்பினார்கள், இங்கே வந்தால் சிலோன்காரன் என்றார்கள். பழகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு மதியம், நமக்குச் சாயங்காலம். யாரோ லைவ் போட்டிருந்தார்கள், இங்கிருந்து பார்த்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் கொடியோடு வந்தார்கள். முதலில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். உன் ஆள்தான் இதற்குக் காரணம் என்று இவன் சொல்ல, உன் ஆள்தான் என்று அவன் சொன்னான். அப்புறம் யாருக்கு ரோஷம் அதிகம் என்று காட்டுகிற போட்டி வந்துவிட்டது. கதவில் தபால் போடுகிற சந்து வழியாக எதையோ கொளுத்திப் போட்டார்கள். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த சுரேந்திரன் புகையிலேயே போய்விட்டான். டெரிக் கிழவர் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளே கூட்டணிப் பேச்சு முறிந்தது. கொலைகாரர்கள் நீங்கள்தான் என்று இரண்டு கட்சியும் மாறி மாறிச் சொல்லின. தனித்தனியாக நின்றார்கள், மூன்றாவது ஆள் ஜெயித்தான். ஆபீஸில் இன்னும் சில நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுரேந்திரன் உடம்பு இருந்த பெட்டி கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வந்தபோது வண்டி ஏற்பாடு செய்தவன் நான். எஸ்டேட் குடியிருப்பான லயத்து வாசலில் தெய்வம்மா அழவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஐயா, நம்ம புள்ள வீடுன்னு தெரியாம, வேற யாரையோ தேடி வந்துட்டாங்களா ஐயா?”

“ஆமாங்கம்மா, தெரியாமத்தான் செஞ்சுபோட்டாங்க” என்றேன். அந்த நேரத்தில் ஒரு தாய்க்கு வேறு என்ன சொல்ல முடியும்.

எப்படிச் சரியாக அந்த வீட்டுக்கே போனார்கள் என்று கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலில் நான் தெருப் பெயரை மட்டும்தான் போட்டேன், அது நிஜம். சனிக்கிழமை ஒருவன், எல்லா வீடும் ஒட்டி ஒட்டி ஒரே மாதிரி இருக்கிறதே, எது என்று கேட்டான். அவன் என்ன செய்யப்போகிறான் என்பதையும் எழுதியிருந்தான். படித்தேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஞாபகம் வந்தது. பாவம், அது என்ன தப்புச் செய்தது. அதனால்தான் கதவு எண்ணைக் கொடுத்தேன், ஆள் மாடியில்தான் தூங்குவான் என்றும் சொன்னேன். குழந்தைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.