புது சிப்பு வர்ற வரைக்கும்

அங்கியே நில்லு ரெஜி அண்ணா. செருப்ப கழட்டாத. உள்ள வான்னு நான் இன்னும் சொல்லல.

இன்னா சிரிப்பு? வெளில பந்தல் போட்டுகீது, வாடகை சேரு அடுக்கி வெச்சுகீது, அத்த பாத்ததும் கரெக்டா கொயந்தைக்குப் பேர் வெக்கிற அன்னிக்கே வந்துட்டோம்னு நெனச்சுக்கினியா? நெனச்சுக்கோ. கைல ஸ்வீட் பாக்ஸ் வேற. அத்த என்கிட்ட குடுக்க வாணாம், அந்த சேர் மேல வெய்யி. நீ உக்காராத. சேர்காரன் எடுத்துக்கினு போக வந்துடுவான்.

பீமா எங்கியா? வூட்ல இல்ல. சொல்றேன், அவசரப்படாத. இம்மா நாளா அவசரமே இல்லாம இருந்தவன்தான நீ? மொதல்ல நான் பேசி முடிக்கிறேன். எம்புருசன் பீமா வாயில்லாம கெடந்தாரு, நீ ஃபோன்ல பேசிக்கினே இருந்த. இன்னிக்கு நான் பேசுறேன், நீ வாய மூடிக்கினு கேளு.

இன்னாது? பெட்டில புது சிப்பு போட்டுக்கினு வந்துகீறியா? டைப் அடிச்ச ஒடனே பேசுதா? சூடே ஆவலயா? ரொம்ப சந்தோசம். உன் கம்பெனில போய் சொல்லு, கை தட்டுவானுங்க. என்கிட்ட சொல்லாத. சிப்பு, ப்ராசசரு, இந்த வார்த்தைங்கள கேட்டாலே எனுக்கு வவுறு எரியுது. இந்த ஹவுசிங் போர்டு வூட்ல கீறவங்க தண்ணி லாரி எப்ப வரும்னு பேசிக்குவாங்க. நாங்க மட்டும் ப்ராசசரு எப்ப வரும்னு பேசிக்கினு இருந்தோம். பக்கத்து வூட்டு ஆவுடையம்மா என்ன பைத்தியம்னு நெனச்சுக்கிச்சு.

நீயும் அவரும் ஒரே டீம்ல பந்து ஒதச்சவங்க. நீ படிச்சு பெங்களூரு போன, உங்கம்மாவயும் இட்டுக்கினு பூட்ட. அவரு கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுல மூட்ட எறக்குனாரு. சாயங்காலம் ஆச்சுன்னா வியாசர்பாடி கிரவுண்டுல மைக்க புடிச்சுக்குவாரு. மேட்சே பாக்காத கெயவிங்க கூட மாடில துணி காயப் போட்டுக்கினே எவன் கோலு போட்டான்னு தெரிஞ்சுக்குவாங்க. அப்பிடி ஒரு கொரலு. நானே அந்தக் கொரல கேட்டுத்தான் ஏமாந்தேன். மூஞ்சிய பாத்து இல்ல, மூஞ்சி இன்னா பெரிய மூஞ்சி.

அந்தத் தொண்டையிலதான கட்டி வந்து தொலச்சுது. கொரல எடுத்தாத்தான் உயிரு நிக்கும்னுட்டாங்க. அப்ப நீ ஓடி வந்த. இல்லன்னு சொல்ல மாட்டேன், அன்னிக்கு உன்ன கையெடுத்துக் கும்பிட்டேன். மச்சி, ஆபரேசனுக்கு முன்னாடி நீ பேசு, நான் புடிச்சு வெச்சுக்குறேன், எங்க கம்பெனில கைல புடிக்கிற கம்ப்யூட்டர் ஒண்ணு பண்றோம், அதுல நீ டைப் அடிச்சா உன் கொரல்லயே பேசும்ன. ஸ்கூல் ரூம்ல உக்கார வெச்சு பக்கம் பக்கமா படிக்க வெச்ச. துண்டுல எச்சி துப்பிக்கினே படிச்சாரு. பாதில நிறுத்துன்னு நான் சொன்னா என்ன அடிக்க வந்தாரு.

ஆபரேசன் ஆயி வூட்டுக்கு வந்த அப்பாலதான் நான் உண்டாகிகீறேன்னு எனுக்கே தெரியும். இத்தினி வருசம் இல்லாம. அவருகிட்ட சொன்னேன். கோலு வுயுந்தா ரெண்டு கையயும் மேல தூக்கிக்கினு ஒரு ஆட்டம் ஆடுவாரே, அந்த ஆட்டம் ஆடுனாரு. சத்தமே இல்லாம ஆடுனாரு. எனுக்கு சிரிக்கிறதா அயுவுறதான்னு தெரில.

பொங்கலுக்கு மொத பெட்டிய எடுத்துக்கினு வந்த நீ. இதே வாசல்ல எல்லாரும் சுத்தி நின்னுக்கினு இருந்தோம். ஒரு வெரலால தட்டித் தட்டி அடிச்சாரு. பெட்டி யோசிச்சுது, யோசிச்சுது, யோசிச்சுக்கினே இருந்துச்சு. தூங்கிப்புடுச்சா இதுன்னு ஆவுடையம்மா கேட்டுச்சு. அப்பத்தான் வந்துச்சு. ராஜாத்தி, டீ போடுடி. அதே கொரலு, அதே அதட்டலு. டீ போடச் சொன்னதுக்கு ஒரு வூடே கூடி அயுதது எங்க வூட்லதான். அடுத்தது உன்ன பாத்து அடிச்சாரு. டேய் ரெஜி, ஃபைனல்ஸ்ல நீ போட்ட கோலு ஆஃப்சைடுடா. நீ வவுத்த புடிச்சுக்கினு சிரிச்ச. அப்பால ரெண்டு பேரும் பெட்டிய தூக்கிக்கினு மொட்டமாடிக்குப் பூட்டீங்க. இன்னா பேசுனீங்களோ. எறங்கி வந்தப்ப அவரு பழைய பீமாவா வந்தாரு.

அத்தோட பெட்டிய வுட்டுட்டுப் போயிருந்தா நீ எங்க வூட்டுச் சாமி. ஆனா இன்னா பண்ண? பைல போட்டுக்கின. இது லேட்டா பேசுது, சூடாவுது, சார்ஜு அரை நாளு நிக்கல. இப்ப கடைல கெடைக்கிறதுல இதுதான் நல்ல சிப்பு, ஆனா பத்தாது. அடுத்த சிப்பு வருது மச்சி, ரெண்டே மாசம்ன. அவரு வுடல. பெட்டிய இஸ்துப் புடிச்சுக்கினாரு. நீ சிரிச்சுக்கினே அவரு வெரல ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்த. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.

இன்னா? சாம்பிள் பீசா? வெளிய குடுத்தா கம்பெனி பேரு கெட்டுடுமா? எங்க வூடு உனுக்கு வெளியா? சூடாவுதுன்னா துணி சுத்திப் புடிச்சுக்குவாரு, மூட்ட தூக்குன கை அது. லேட்டா பேசுதுன்னா இன்னா இப்ப? நாங்க காத்துகினு இருக்க மாட்டோமா? எம்புருசன் ஒரு வார்த்த பேசுறதுக்கு ஒரு டீ ஆறுற நேரம் ஆவுமா? ஆவட்டுமே. எனுக்கு எங்க ஓடணும்? லேட்டா பேசுனவர நீ சுத்தமா பேச வுடாம பண்ணிட்ட.

காசிமேட்டுல இப்பிடி ஒருத்தன் நிப்பான். கூடைல மீனு துடிச்சுக்கினு கெடக்கும். வாங்க மாட்டான். அடுத்த போட்டு வரட்டும், பெரிய வஞ்சரம் வரும்னு நிப்பான். அன்னிக்கு அவன் வூட்ல வெறும் ரசந்தான். ஆனா அவன் வூட்டுக்குத்தான் ரசம். நீ எங்க வூட்டு அடுப்ப இல்ல அணச்ச?

கொயந்த பொறந்துச்சு. பொண்ணு. எங்க வூட்டு வயக்கம் உனுக்குத் தெரியும், அப்பன்தான் காதுல மூணு வாட்டி பேரு சொல்லணும். சொல்ற வரைக்கும் அந்தப் பேர வெளிய வுடக் கூடாது, கட்டுன பொண்டாட்டிகிட்ட கூட. மாமனாரு அவருக்கு அப்பிடித்தான் வெச்சாரு. இவரும் பேர முடிவு பண்ணிட்டாரு. நெஞ்சத் தட்டித் தட்டிக் காட்டுவாரு, இங்க கீதுன்னு. எயுதிக் காட்டுய்யான்னா தலைய ஆட்டுவாரு. ஃபோன்ல பொம்பள கொரல்ல பேசுற ஆப்பு ஒண்ணு கீதே, அத்த வெச்சு சொல்லிடுய்யான்னேன். மொறச்சாரு பாரு. எயுதிக் காட்டுனாரு: எம்பொண்ணு மொத மொத கேக்கப் போற பேர எவளோ ஒருத்தி கொரல்லயா கேக்கணும்?

அதுக்காகத்தான் உன்கிட்ட கெஞ்சுனாரு. பழைய பெட்டியவே குடுடா, லேட்டா பேசுனாலும் பரவால்லன்னு மெசேஜ் மேல மெசேஜ். நீ இன்னா சொன்ன? அத்த பிரிச்சு பார்ட்ஸ எடுத்துட்டேன்ன. சித்திரைல வரும்ன. வர்ல. ஆடில வரும்ன. வந்துச்சு, டெஸ்ட் பண்ணணும்ன. அதுக்குள்ள அதவுட பெரிசா ஒண்ணு வருதுன்னு எவனோ கொளுத்திப் போட்டான், நீ அதுக்கும் போய் நின்ன. இங்க தடுப்பூசி அட்டைல ராஜாத்தி பேபின்னு எயுதிகீது. நர்சம்மா மாசா மாசம் கேக்குது, இன்னாம்மா இன்னும் பேரு வெக்கலியான்னு. அவங்க அப்பாவுக்கு சிப்பு வர்லன்னு சொல்ல முடியுமா நர்சம்மாகிட்ட?

நல்லதுக்குத்தான் பண்ணியா? பெஸ்டா குடுக்கணும்னு நெனச்சியா? யாருக்கு பெஸ்டு? ஆடியோட உனுக்கே அலுத்துப் போச்சு. சும்மா பேஜாரு பண்றான்னு அவரு நம்பர்ல இருந்து சத்தமே வராம பண்ணிட்ட. டபாய்க்காத. எடு உன் ஃபோன. எடுங்கறேன்ல? அவரு நம்பர்ல இருந்து எத்தினி மிஸ்டு காலு கீதுன்னு பாரு. பாத்தியா? வாய் பேச முடியாத ஆளு எதுக்கு உனுக்கு கால் பண்ணப் போறாருன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பண்ணது நான்.

இது பேர் வெக்கிற பந்தல் இல்ல ரெஜி அண்ணா. நேத்து காலைல மூலக்கொத்தளம் சுடுகாட்டுல அவருக்குப் பால் ஊத்திட்டு வந்தோம். பந்தல்காரன் நேத்தே பிரிச்சிருக்கணும், வேற எங்கியோ வேலன்னு இன்னிக்கு வர்றேன்னுட்டான்.

இப்ப எதுக்கு செருப்ப கழட்டுற? அங்கியே நில்லு.

கட்டி திரும்பி வந்துகீது. எங்களுக்குத் தெரில. திடீர்னு கயுத்துல இருந்து ரத்தம். ஆட்டோல போறப்ப கைய ஆட்டி ஃபோன கேட்டாரு. குடுத்தேன். வெரலு நிக்கல. ஏதோ அடிச்சாரு, ஒரு எயுத்து கூட ஒண்ணோட ஒண்ணு சேரல. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அயுவாத. நீ அயுவுறதுக்கு இங்க எடம் இல்ல. இங்க அயுவ வேண்டியவங்களே இன்னும் அயுது முடிக்கல. அந்த ஸ்வீட்ட போறப்ப மறக்காம எடுத்துக்கினு போ.

சரி. அந்தப் பெட்டிய ஆன் பண்ணு. பாக்கலாம் உன் புது சிப்ப. இன்னா அடிக்கிற? எம்பேரா? அடி.

ம்.

அவரேதான். கடைசில இயுத்து முடிக்கிறது கூட அப்பிடியே கீது. நீ வெரல எடுக்கறதுக்குள்ள பேசிடுச்சு. சூடும் இல்ல. ஒயுங்காத்தான் பண்ணிகீற.

ஆவுடையம்மா! கொயந்தய இப்பிடிக் குடு. வாடி கண்ணு. இந்தா, இவ காது கிட்ட வெய்யி பெட்டிய. வெச்சியா? அடி இப்ப. மூணு வாட்டி. இன்னா என் மூஞ்சிய பாக்குற? பேர அடி.

எந்தப் பேர அடிப்ப?

எனுக்குத் தெரியாது. ஃபோன் பூரா தேடிட்டேன். சட்டப் பாக்கெட்டு, தலகாணி, ஒரு எடம் வுடல. எங்கியும் எயுதி வெக்கல அந்த மனுசன். நீ வாசல்ல வந்து நின்ன ஒடனே கயுத்த புடிச்சு வெளிய தள்ளணும்னுதான் இருந்துச்சு. ஏன் தள்ளல தெரியுமா? அன்னிக்கு பொங்கலன்னிக்கு மொட்டமாடில, அந்தப் பழைய பெட்டில, அந்த லேட்டா பேசுற பெட்டில, உன்கிட்ட மட்டும் அவரு கொரல்ல பேசிக்கினு இருந்தாரே. பொண்ணு பொறந்தா இன்னா பேரு வெக்கணும்னு எதுனா சொன்னாரா ரெஜி அண்ணா?

ஒடனே சொல்லாத. நல்லா யோசி. லேட்டானா பரவால்ல, நாங்க இங்கியே கீறோம்.