இயந்திரத்தின் மேல் குற்றம் இல்லை

இந்த அறையின் டியூப்லைட் முனகுகிறது, மேடம். தினமும் இங்கே உட்காருகிறவர்களுக்குக் கேட்காது. சோக்கை மாற்றினால் சரியாகிவிடும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காபி நன்றாக இருக்கிறது, நன்றி.

கார்னிவல் முடிந்த வாரம் இதே போலீஸ் நிலையத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சாட்சி சொன்னேன். என் நண்பன் லோதார் விர்ட்ஸ் எங்கள் ஸ்டுடியோவில் மின்சாரம் தாக்கி இறந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள் நான். அப்போது நீங்கள் மிகவும் மரியாதையாக நடத்தினீர்கள். என் தோளில் போர்வைகூடப் போர்த்தினீர்கள். இன்று நானாக வந்திருக்கிறேன். காரணம் உங்கள் நிபுணர் எழுதிய அறிக்கை.

போன ஞாயிறு லோதாரின் மனைவி அன்னெகிரெட் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வெள்ளை அஸ்பாரகஸும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றியிருந்தாள். அவளுக்கு உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறையும், அன்றும் குறைந்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அறிக்கையை என் முன்னால் வைத்தாள். "வயதாகிப் பழுதடைந்த, முறையாகப் பராமரிக்கப்படாத கருவியே மரணத்துக்குக் காரணம்" என்று இருந்தது.

"அந்தச் சனியன அப்பவே தூக்கிப் போட்டிருக்கணும், கெர்னோட்" என்றாள். "பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லிட்டேன். வியாழக்கிழமை வந்து எடுத்துக்குவான். நீங்க தடுக்காதீங்க."

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. முறையாகப் பராமரிக்கப்படாத கருவியாம். முப்பது வருஷத்துக்கு மேலாக அதன் ஒவ்வொரு கம்பியையும் என் கையால் தொட்டிருக்கிறேன். உள்ளே ஒரு தூசி இருந்திருந்தால் என்னைக் கேளுங்கள். ஊரெல்லாம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்த இயந்திரத்தின் மேல் பழி விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அது என்ன இயந்திரம் என்று போன முறை நீங்கள் கேட்கவே இல்லை. வோக்கோடர் என்று பெயர். ஒருவர் மைக்கில் பேசுவார், இன்னொருவர் கீபோர்டில் சுரம் பிடிப்பார். பேச்சை அது பதினாறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்த்து, அதே அச்சில் சுரத்தை வார்த்துவிடும். கீபோர்டே வாய் திறந்து பேசுவதுபோல் கேட்கும். எங்கள் இருவர் குழுவின் பாட்டெல்லாம் அப்படித்தான் உருவானது. வாய் லோதாருடையது, குரல் என்னுடையது. ரசிகர்கள் அதை லோதாரின் குரல் என்றுதான் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏதோ ஒரு வானொலி நிலையம் வேண்டாம் என்று கழித்த பெட்டி அது. சாம்பல் நிற இரும்பு, தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஃப்ளிங்கர்ன் பகுதியில் இருக்கும் எங்கள் ஸ்டுடியோ முன்பு பூட்டுப் பட்டறையாக இருந்த இடம், ஒரு கட்டடத்தின் பின்முற்றத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தபோது நாங்கள் இருவரும் இளைஞர்கள். லோதார் அதன் மேல் ஒரு பியர் பாட்டிலை வைத்தான். நான் உடனே எடுத்துத் தரையில் வைத்தேன். அன்று தொடங்கிய சண்டை அது, கடைசிவரை ஓயவில்லை.

நான் வெறியன் இல்லை, மேடம். கம்ப்யூட்டரில் வரும் புதிய வோக்கோடரைப் பற்றி என்னைக் கேட்டால் நியாயமாகவே சொல்வேன். தூக்கிச் சுமக்க வேண்டாம். அறை குளிர்ந்தாலும் சூடானாலும் சுருதி நகராது. பழையதில் 'ஸ்', 'ஃப்' போன்ற காற்றெழுத்துகள் மழுங்கிவிடும், புதியதில் பளிச்சென்று இருக்கும். நேற்று வைத்த அமைப்பை இன்று ஒரு பொத்தானில் திரும்பக் கொண்டுவரலாம். பழையதைச் சூடேற்றி நிலைப்படுத்துவதற்குள் ஒருவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிடலாம். இவ்வளவும் உண்மை. ஆனால் பழையதற்கு ஒரு நேர்மை உண்டு. எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாது. எதிரே உயிருள்ள வாய் இருந்தால்தான் பேசும்.

லோதார் போன இலையுதிர் காலத்தில் ஒரு லேப்டாப்புடன் வந்தான். ஜப்பானில் ஒரு சுற்றுப்பயணம் அமைந்திருந்தது. எங்களை மறந்துபோன உலகத்தில் யாரோ சிலர் நினைவு வைத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். பெட்டியை எப்படிக் கப்பலில் அனுப்புவது, எந்த மரத்தில் கூடு செய்வது என்று அன்றே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். லோதார் சிரித்தான்.

"அத எதுக்குடா இழுத்துக்கிட்டு? எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு."

"இதுக்குள்ள இருக்கிறது வேற."

"சரி, கேட்டுச் சொல்லு. திரும்பி உக்காரு."

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். வாக்குவாதம் வந்தால் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், மற்றவர் இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார். எது எது என்று காதால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மறுபேச்சு கிடையாது, தோற்றவன் வாயை மூடிக்கொள்வான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அன்னெகிரெட் கேக் கொண்டுவந்திருந்தாள், அவளும் ஓரமாக நின்று பார்த்தாள்.

நான் ஒவ்வொரு முறையும் தவறாகச் சொன்னேன். சில முறை இல்லை, ஒவ்வொரு முறையும். கம்ப்யூட்டர் ஒலித்தபோதெல்லாம் இதுதான் நம் பெட்டி என்றேன். இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, மேடம். வித்தியாசமே தெரியாதவன் பாதியாவது குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லியிருப்பான். எல்லாம் தப்பு என்றால் வித்தியாசம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது என்றுதானே அர்த்தம்? இதை லோதாரிடம் சொன்னேன்.

"கேக்குதுடா, யாரு இல்லன்னா?" என்றான். "நல்லாவே கேக்குது. உனக்குக் கம்ப்யூட்டரத்தான் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

அன்னெகிரெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கேக் பிளம் பழம் வைத்தது, இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அவள் போன பிறகுதான் லோதார் மீதியைச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. என் முழங்கால் பற்றி அக்கறையாகவே பேசினான். அவ்வளவு நீண்ட விமானப் பயணம் எனக்கு ஆகாது என்றான். பழைய பதிவுகளிலிருந்து என் சுரங்களையெல்லாம் ஏற்கெனவே உள்ளே ஏற்றிவிட்டானாம், மேடையில் அவன் ஒருவனே போதுமாம்.

"சுவரொட்டியில உன் பேரு இருக்கும். உன் கை ரெண்டும் இதுக்குள்ள பத்திரமா இருக்கு, பாரு" என்று லேப்டாப் மூடியைத் தட்டினான். "நீ வீட்டுல நிம்மதியா கால நீட்டிப் படு."

நான் என் கைகளைப் பார்த்தேன். அவை மேசை மேல்தான் இருந்தன. எனக்கு மனைவி மக்கள் கிடையாது. பெட்டி போனால் நானும் போனேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். குளிர்காலம் முழுவதும் அவனிடம் முன்னைவிட அன்பாகவே இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அறிக்கையில் வரும் இன்சுலேஷன் டேப் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிபுணர் அதைச் சரியாகவே பார்த்திருக்கிறார். பிளக்கில் எர்த் படும் இடத்தில் அது ஒட்டியிருந்தது. பழைய கருவிகளை ஒன்றோடு ஒன்று கோத்தால் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் வரும். அதை அடக்க எர்த்தைத் துண்டித்துவிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம். உயிரைக் காப்பாற்ற வைத்த கம்பியைச் சத்தம் போடுகிறது என்று பிடுங்கிவிடுவோம். லோதார் அதில் மன்னன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் சுருள் வைத்திருப்பான். நான் திட்டித் திட்டிக் கிழித்தெறிவேன். இது டுசெல்டோர்ஃபில் எங்களைத் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும், அதனால்தான் நீங்களும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முறை டேப்பை ஒட்டியது நான். அவனுடைய சுருளிலிருந்தே எடுத்தேன். பெட்டிக்குள்ளேயும் ஒரு சின்ன வேலை செய்தேன். என்ன என்பதை உங்கள் நிபுணரிடம் நேரில் காட்டுகிறேன், அவர் பழுது என்று எழுதியது அதைத்தான். நன்றாகச் செய்த வேலையைப் பார்த்துப் பழுது என்கிறார். அந்த மனிதருக்குப் பெட்டியை மூடத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

நாள் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இல்லை. கார்னிவல் திங்கட்கிழமை ஊரே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கும். எனக்கும் லோதாருக்கும் அந்தக் கூத்து பிடிக்காது. வருஷா வருஷம் அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு பதிவு செய்வோம். "கடைசியா ஒரு பாட்டு, நம்ம பெட்டியில" என்று கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். நான் மனம் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

"அப்பாடா, தூக்கி வச்சிருந்த மூஞ்சிய ஒரு வழியா இறக்கிட்டியே" என்றான். "குளிர்காலம் பூரா உன்னப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சுடா."

பெட்டி சூடேறும்வரை, எங்கள் ஊர் வழக்கப்படி, ரொட்டியில் கொத்திய பச்சை இறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டோம். வெளியே ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தது. லோதார் அன்று நல்ல மனநிலையில் இருந்தான், ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். பதிவை ஓடவிட்டோம். அவன் பாடும் விதம் உங்களுக்குத் தெரியாது. காற்றெழுத்து மழுங்கக் கூடாது என்பதற்காக உதட்டை மைக்கின் இரும்பு வலையில் ஒட்டிவைத்துப் பாடுவான். இடது கை அவ்வப்போது பெட்டியின் மேல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நழுவுகட்டைகளுக்குப் போகும். முப்பது வருஷமாக அதே நிற்பு, மாற்றவே மாட்டான். நான் கீபோர்டில் உட்கார்ந்தேன். மெயின் சுவிட்ச் என் வலது முழங்கைக்குப் பக்கத்தில், சுவரில் இருக்கிறது. நீங்களே படம் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியில் பெட்டியின் மேல் கை வைத்தான்.

நான் சுவிட்சை உடனே அணைத்தேன் என்று முன்பு சொன்னது பொய். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவன் கையை எடுக்க முடியாமல் நின்றான். தொண்டையிலிருந்து ஒரே ஒரு நீண்ட சத்தம் வந்தது. அது தனியாகக் கேட்டிருந்தால் கோரமாக இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் சுரத்தின் வழியாக வந்தது. பதினாறு துண்டும் ஒன்று குறையாமல் வேலை செய்தன. நான் சுரத்தை மாற்றினேன், அவனும் மாறினான். இன்னொன்றுக்குப் போனேன், கூடவே வந்தான். அவ்வளவு அழகாக அந்தப் பெட்டி ஒருநாளும் பேசியதில்லை. பிறகு நான் எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டராக இருந்தால் கடைசி எழுத்தைப் பிடித்துவைத்து நீட்டிக்கொண்டே இருந்திருக்கும். எங்கள் பெட்டி அப்படி ஏமாற்றாது. அதிலிருந்துதான் அவன் போய்விட்டான் என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகே சுவிட்சை அணைத்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஊர்வலத்தைத் தாண்டி வர அவர்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

பதிவு என் பையில் இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் நிபுணரைக் கேட்கச் சொல்லுங்கள், பழுதடைந்த கருவி இப்படி ஒலிக்குமா என்று. அன்னெகிரெட்டிடம் மட்டும் போட்டுக் காட்ட வேண்டாம், அவளுக்கு இசை அவ்வளவாகத் தெரியாது. வியாழக்கிழமைக்குள் யாராவது இரும்புக்காரனைத் தடுத்துவிட்டால் எனக்கு அது போதும்.

சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதில் சந்தேகம் இல்லை. அணைக்க வேண்டுமானால் நான் கீபோர்டிலிருந்து கையை எடுக்க வேண்டும், மேடம். பாட்டின் நடுவில் அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.