மைக்கில் கூப்பிட்ட பெயர்கள்

கிண்ணியா பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் சத்தமாகவே கேட்டாள்: "கக்கூசுக்குப் போனவளை மைக்கில பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஆர் சேர் வேலையில நிப்பாங்க?"

பக்கத்தில் நின்றவர், அவள் விட்டுவந்த தையல் கம்பனியின் மனேஜர்.

"பிள்ளைகள் நிக்கோணும் எண்டுதானே சம்பளம் கூட்டினம், பெருநாளுக்குச் சாப்பாடும் தந்தம்?"

"ஓம் சேர், சாப்பாடு நல்லம். ஆம்பிளையள் எல்லாரும் திரும்பிப் பாக்கிறதைத்தான் தாங்க ஏலாது."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே, தங்கச்சி."

"நான் சொன்னனான். உங்கட அறைக்கே வந்து சொன்னனான். நீங்கள் சிரிச்சீங்கள்."

அவர் முகம் கறுத்துவிட்டது. பிறகு குனிந்து, மெல்லக் கேட்டார்: "மைக்கை நிப்பாட்டினா திரும்பி வருவீங்களா?"

"நிப்பாட்டுங்க சேர், மற்றப் பிள்ளைகளாவது நிப்பாங்க. நான் வரமாட்டன்."