தொட்டி நிரம்பாத ஆல்பம்

"நம்ம பாட்ட கேட்டுட்டு எங்க அக்கா தண்ணி மோட்டார ஆஃப் பண்ண ஓடிச்சுபா."

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், எதிர் சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பேர். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்திருக்கிறார்கள் என்பது கவரைப்பேட்டை வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அதில் பாடல் வரியும் கிடையாது, தாளமும் கிடையாது, வெறும் சத்தம். அதை எப்படி முடிப்பது என்பதில்தான் தகராறு.

"எந்த எடத்துல ஓடிச்சு?" என்றார் இருவரில் தாடிக்காரர்.

"கடைசி ட்ராக்ல. நம்ம கம்பெனி மில்லு சத்தத்த நீளமா இழுத்து வுட்டுக்கிறோமே, அதான். போய் பாத்தா சுவிட்ச் ஆஃப்ல கீது. அப்பறம்தான் என் போன்ல இருந்து வருதுன்னு தெரிஞ்சுது."

"திட்டிச்சா?"

"இல்லபா. பக்கத்துல குந்திக்கினு முழுசா கேட்டுச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"'இவ்ளோ நேரமா ஓடுது, தொட்டி இன்னும் ரொம்பலியேடா'ன்னுச்சு."

தாடிக்காரர் சிரிக்கவில்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு, நண்பர் பக்கம் திரும்பினார்.

"சத்தத்த மெதுவா கொறைச்சு முடிக்கலாம்னு நான்தான அடம் புடிச்சேன்? அது வேணாம். நீ ஊட்டுக்குப் போய் மோட்டாரப் போடு. தொட்டி ரொம்பி வழியிற சத்தத்த ரெக்கார்ட் பண்ணு. அதோட முடிச்சிடலாம்."

"வழிய வுட்டா அக்கா கத்தும்டா."

"அதையும் சேத்துப் புடி."