வா என்ற கை, போ என்ற கை

தலைமை தாங்கும் பெரியவர் பரந்தாமன் ஐயா அவர்களே, நம் கல்குவாரிக்குப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்காரத் துரை அவர்களே, கல்லை உடைத்துக் கையும் கல்லாகிப்போன தொழிலாளத் தோழர்களே, கைக்குழந்தையோடு கால் கடுக்க நிற்கும் தாய்மார்களே, எல்லோரையும் கும்பிடுகிறேன்.

நான் கோவிந்தம்மாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குவாரி வேட்டில் செத்துப்போன தேசப்பனின் பெண்சாதி. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். படத்துக்கு மாலை போட்டுவிட்டு ரெண்டு வார்த்தை பேசும்மா என்றார்கள். ரெண்டே வார்த்தைதான் பேசப்போகிறேன். ஒன்று ‘வா’. இன்னொன்று ‘போ’.

இந்த ரெண்டையும்விடச் சுலபமான வார்த்தை உண்டா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் பிறந்தது நகரியில், தெலுங்கு பேசுகிற வீட்டில். திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பக்கத்து வீட்டு ரஹிமுன்னிசா அக்கா வாசலில் வந்து நின்றார். ‘ரண்டி, ரண்டி’ என்று வாய் நிறைய அழைத்தேன். எங்கள் பாஷையில் ‘வாங்க, வாங்க’ என்று அர்த்தம். அவர் பேசுகிற உருதுவில் என்ன அர்த்தம் என்று மேடையில் சொல்லக் கூடாது. ஆங், தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள்! என்ன அக்கா, எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தீங்க? பத்து நாளாம். பதினோராம் நாள் வந்து, “இன்னொரு தரம் அப்படிக் கூப்பிட்டுப் பாருடி, உன் வாயில மொளகாத்தூளு போடுறேன்” என்றார்.

வாய் தப்பினால் பத்து நாள் கோபம். கை தப்பினால்?

அன்றைக்கு என் வீட்டுக்காரர் உளி தீட்டிக்கொண்டு வர, கே.ஜி.கண்டிகைக் கொல்லன் பட்டறைக்குப் போயிருந்தார். அதற்குள் இங்கே வேட்டு வைத்து, விசில் ஊதி, ஆட்களை விலக்கியாயிற்று. வந்தவருக்கு அது தெரியாது. குழிக்கு அந்தப் பக்கம் அப்போதிருந்த துரை. இந்தப் பக்கம் இவர். துரை கையை ஆட்டினார். இவர் “ஆங், வந்துட்டேங்க” என்று ஓடினார். அவ்வளவுதான்.

விசாரணைக் காகிதத்தில் எழுதினார்கள், ‘உத்தரவை மீறி வந்தான்’ என்று. மீறினாரா? மேஸ்திரி இருமினாலே எழுந்து நிற்கிற மனுஷன் மீறினாரா? குடித்திருந்தான் என்று கூடச் சொன்னார்கள். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. யோசித்துக்கினு இருந்தேன்.

இப்போது துரை அவர்கள் எழுந்து, கடைசி வரிசையைப் பார்த்துக் கையால் ஒன்று காட்டப்போகிறார். என்ன காட்ட வேண்டும் என்று தலைவர் ஐயா முன்பே அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார். காட்டுங்க துரை அவர்களே.

பார்த்தீர்களா? உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் படபடவென்று ஆடுகின்றன. அதோ, கூட்டத்தைத் தள்ளிக்கினு வருவது யார்? ஜம்புலிங்கம் அண்ணனா? எங்கே அண்ணே வரீங்க?

கேட்டீர்களா? “தொர கூப்பிடுறாரேம்மா” என்கிறார்.

ஐயா, என்ன காட்டினார் என்று துரையைக் கேட்டுச் சொல்லுங்க. ‘கிட்டே வராதே, தூரப் போ’ என்று காட்டினாராம்!

சிரிக்காதீர்கள். உட்காருங்க அண்ணே. நல்லவேளை, நடுவில் குழி இல்லை.

தலைவர் ஐயா, என் வீட்டுக்காரர் உத்தரவை மீறவில்லை. உத்தரவென்று நம்பித்தான் ஓடினார். அந்தக் காகிதத்தில் அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்க. மூடிக் கிடந்த குவாரி நாளைக்குத் திறக்கிறது. முதல் வேட்டுக்கு முன்னால் துரையும் ஆட்களும் எதிரெதிரே நின்று, எந்தக் கை ‘வா’, எந்தக் கை ‘போ’ என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். பேசாமல் ஒரு திரி பற்றக் கூடாது. ஒரு திரியும் பற்றக் கூடாது!

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. இன்னும் ஒன்றையும் துரைக்கு விளக்கிவிடுங்க ஐயா. எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘வரேன்’ என்பார்கள். அன்றைக்குக் காலையில் அவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வரேங்க. வணக்கம்.