எச்சில் படாத ஒட்டுப்பட்டை

பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தொன்று. ஒட்டுப்பட்டை செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பட்டையில் பசை கிடையாது. பல்லியின் பாதத்தைப் பார்த்துச் செய்தது. முடியைவிட மிக மெல்லிய செயற்கை இழைகள் அதன் அடியில் நெருக்கமாக நிற்கும். கீழ்நோக்கி இழுத்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தைத் தூக்கி உரித்தால் விட்டுவிடும். அதனால் வேலையிடத்தில் என்னைப் பல்லி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

நேற்று மாலை, கைப்பிடி வைத்த இரண்டு பட்டைகளை வீட்டில் சோதித்துப் பார்க்க அனுமதி பெற்று எடுத்து வந்தேன். மாடிப்படி ஏறும்போது என் நாத்தனார் தன் வீட்டு இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். அவர் குப்பை கொட்ட வெளியே வந்த நேரத்தில் அவருடைய மூன்று வயது மகன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டான், திறக்கத் தெரியவில்லை. அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கித் தீ அணைந்து, கதவிடுக்கில் கேஸ் நாற்றம் வந்தது. அதன் பிறகு நடைபாதைப் பக்கம் இருக்கும் சமையலறை ஜன்னலுக்குப் போனோம். அது திறக்காத ஜன்னல். பையன் மேடைமேல் ஏறி, கண்ணாடியில் ஒரு கையை வைத்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். உடைத்தால் சில்லு முழுவதும் அவன் முகத்தில்தான். "கையும் ஓடல, காலும் ஓடல அண்ணி" என்றார் நாத்தனார். எனக்கும் ஓடவில்லை.

அதன் பிறகு மேல்வீட்டு மாமா கொடுத்த பிளேடால் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரை அறுத்தெடுத்தேன். விரல் நுழைய இடமில்லை, நெம்பினால் விரிசல் விடும். ஒரு பட்டையை மாமாவிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், உதவி என்றால் முதல் ஆள். அதில் எச்சிலை நன்றாகத் தடவி அழுத்தினார். பட்டை வழுக்கி விழுந்தது. "சுவத்துல ஒட்டுற ரப்பர் கொக்கிக்கு எச்சில் தொட்டாதானேம்மா நிக்கும்" என்றார். இது காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

அதன் பிறகு கைக்குட்டையால் கண்ணாடியை ஈரம் போகத் துடைத்து, இரண்டாவது பட்டையை ஒட்டி, கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்தபடியே மெதுவாக வெளியே சாய்த்தேன். கண்ணாடி முழுசாக வந்தது, மாமா தாங்கிக்கொண்டார். நான் உள்ளே ஏறிக் கேஸை மூடிவிட்டுப் பையனைத் தூக்கினேன். "அத்தே, பால் கொட்டிடுச்சு, நான் கொட்டல" என்றான். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. நாத்தனார் அவனை வாங்கி, அடிக்கக் கையை ஓங்கி, அப்படியே கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

வேறு ஊரில் இருக்கும் வீட்டு உரிமையாளர், யாரோ ஜன்னலைக் கழற்றித் திருட நுழைந்ததாகக் கேள்விப்பட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்ளப் பட்டையைக் கழற்ற உங்கள் காவலர் காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறார். ஓரத்தைத் தூக்கினால் போதும். கண்ணாடியின் வெளிப்பக்கக் கைரேகைகள் என்னுடையவையும் மாமாவுடையவையும். உள்பக்கம் கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கை பையனுடையது. வழக்குக்குத் தேவையில்லை என்றால், அதைத் துடைக்காமல் அப்படியே திருப்பித் தரும்படி நாத்தனார் கேட்கச் சொன்னார்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)